வீட்டு டேகேரில் பிள்ளைகளுக்கு என்ன குடிக்கக் கொடுப்பது? கலிபோர்னியாவில் டேகேர் நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் வீட்டிலேயே டேகேர் நடத்த லைசென்ஸ் வாங்கும்போது கேட், பூட்டு, தீயணைப்புக் கருவி, முதலுதவிப் பெட்டி என்று எல்லாவற்றையும் ஓடி ஓடித் தயார் செய்கிறோம். பிள்ளைகள் என்ன குடிக்கப்போகிறார்கள் என்பதை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஃப்ரீமான்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கம் புதிதாக டேகேர் தொடங்கும் தமிழ்ப் பெண்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதி, கடைசியில் பால் டம்ளரில் வந்துதான் நிற்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

முதலில் சட்டம்

ஏபி 2084 என்ற சட்டம் 2010இல் நிறைவேறி, 2012 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற எல்லா டேகேருக்கும் இது பொருந்தும். பெரிய சென்டர்களுக்கு மட்டும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். வீட்டில் ஆறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் அதே சட்டம்தான்.

அது சொல்வது நான்கே விஷயம். இரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தால், அது ஒரு சதவீதக் கொழுப்புப் பாலாகவோ கொழுப்பு நீக்கிய பாலாகவோ இருக்க வேண்டும். ஜூஸ் கொடுத்தால் நூறு சதவீதப் பழச்சாறாக, நாளுக்கு ஒரு முறைக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இனிப்புச் சேர்த்த பானம் எதுவும் கூடாது. இயற்கை இனிப்பு, செயற்கை இனிப்பு இரண்டும் இதில் அடக்கம். சுத்தமான குடிதண்ணீர் நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கான ஃபார்முலா பால் இந்த இனிப்புத் தடையில் வராது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருத்துவத் தேவை இருந்தால் விலக்கு உண்டு. பெற்றோர் தங்கள் பிள்ளைக்கென்று வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் பானத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. அந்தக் கடைசி விஷயத்தில்தான் சிக்கல் வரும். அதைப் பிறகு சொல்கிறேன்.

லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து இதைச் சோதிப்பதற்கென்றே தனியாக வர மாட்டார்கள். வழக்கமான ஆய்வுக்கு வரும்போது பார்ப்பார்கள்.

படி 1: யாருக்கு எந்தப் பால் என்று பட்டியல் போடுங்கள்

வீட்டு டேகேரில் ஆறு மாதக் குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் ஒரே மேஜையைச் சுற்றி இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்துப் பாலை ஊற்றினால் சட்டப்படியும் தப்பு, பிள்ளைக்கும் நல்லதில்லை.

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தாய்ப்பாலும் ஃபார்முலாவும்தான். மாட்டுப்பால் வேண்டாம், ஜூஸ் துளிகூட வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு, திட உணவு ஆரம்பித்ததும், கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பழக்கலாம். நாள் முழுக்கச் சேர்த்து அரை கப்பிலிருந்து ஒரு கப் போதும். ஆறு மாதத்துக்கு முன்னால் தண்ணீரும் கூடாது. தேன் தொட்டு நாக்கில் வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் பாட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரலாம். அதை மட்டும் எந்தப் பாட்டி சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை முழுக் கொழுப்புப் பால். இரண்டாவது பிறந்தநாளிலிருந்து ஒரு சதவீதப் பாலோ கொழுப்பு நீக்கியதோ. தாய்ப்பால் கொண்டுவந்தால் ஒரு வயதுக்குப் பிறகும் தாராளமாகக் கொடுக்கலாம்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் இரண்டு சதவீதப் பால். கடையில் ‘கொழுப்புக் குறைத்தது’ என்று அதன் மேல் போட்டிருக்கும். பார்த்தால் சரியாகத்தான் தோன்றும், ஆனால் இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு அது செல்லாது. தயிருக்காக வாங்கிய முழுக் கொழுப்புப் பாலில் பாதித் தண்ணீர் கலந்து காய்ச்சினால் கொழுப்புக் குறைந்துவிடுமே என்று ஒரு தோழி கேட்டார். செல்லாது. கால்சியமும் புரதமும் சேர்ந்து பாதியாகிவிடும்.

ஃப்ரிட்ஜில் இரண்டு பால் கேன் வைத்து, ஒன்றுக்குச் சிவப்பு டேப், ஒன்றுக்கு நீல டேப் ஒட்டுங்கள். கதவில் பிள்ளைகளின் பிறந்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லாத அன்று உதவிக்கு வருபவர் கேட்காமலே சரியாக ஊற்றுவார்.

தாய்ப்பால் பாட்டிலில் குழந்தையின் பெயரும் தேதியும் இருக்க வேண்டும். புதிதாகக் கறந்த பால் சாதாரண அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் நாலு நாள். உறைய வைத்ததை இளக்கினால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது. குழந்தை குடித்து மீதி வைத்த தாய்ப்பாலை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஃபார்முலா இன்னும் கறார்: கலக்கியதிலிருந்து இரண்டு மணி நேரம், குடிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு மணி நேரம். சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம், அங்கங்கே கொதித்து வாயைச் சுட்டுவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் போதும்.

படி 2: எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

டேகேரில் கொடுக்கும் சாப்பாட்டுக்குப் பணம் திருப்பித் தரும் அமெரிக்க விவசாயத் துறையின் உணவுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அளவு கட்டாயம். சேராவிட்டாலும் அந்த அளவையே பின்பற்றுங்கள், நல்ல அளவு அது. ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 4 அவுன்ஸ், அதாவது சுமார் 120 மில்லி. மூன்று முதல் ஐந்து வயதுக்கு 6 அவுன்ஸ், சுமார் 180 மில்லி. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்கு 8 அவுன்ஸ், சுமார் 240 மில்லி. இந்தத் திட்டத்தில் காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு மூன்றுக்கும் பால் வைத்தே ஆக வேண்டும். இடையில் கொடுக்கும் சிற்றுணவில் பால் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம்.

சாம்பார் சாதத்தோடு பாலா என்று எனக்கும் முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தயிர் சாதம் போடுகிறோமே, அதைப் பாலுக்குப் பதிலாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இதே திட்டத்தில் வரும் பெரியவர்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையங்களில் மட்டும் நாளுக்கு ஒரு முறை அப்படி எழுத அனுமதி உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை. தயிர் புரதக் கணக்கில்தான் சேரும். தயிரில் நீர் ஊற்றிக் கடைந்த மோரும் பால் என்ற கணக்கில் வராது. சாப்பாட்டை முதலில் கொடுத்து, பாலைக் கடைசியில் கொடுத்தால் பிள்ளைகள் சிரமமில்லாமல் பழகிவிடுகிறார்கள். பாலை எடுத்து முன்னால் வைக்க வேண்டியதுதான் உங்கள் பொறுப்பு. குடிக்க மறுத்தால் வற்புறுத்தத் தேவையில்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் இதய, பல், சத்துணவுச் சங்கங்களும் சேர்ந்து 2019இல் கொடுத்த பரிந்துரைப்படி, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இரண்டு கப் பால், அதாவது சுமார் 480 மில்லிதான் மேல்வரம்பு. நாலு ஐந்து வயதுக்கு இரண்டரை கப். மூன்று வயதுப் பிள்ளை உங்களிடம் காலையிலும் மதியமும் 180, 180 என்று 360 மில்லி குடித்துவிட்டால், வீட்டுக்கு மிச்சம் 120 மில்லி. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எழுந்ததும் ஒரு டம்ளர், படுக்கும்போது ஒரு பெரிய டம்ளர். பால் வயிற்றை நிரப்பிவிடும், சோறும் பருப்பும் கீரையும் இறங்காது, இரும்புச்சத்து குறையும். “டேகேரில் நல்லாச் சாப்பிடுறான், வீட்டில் சாப்பிடவே மாட்டேங்கிறான்” என்று சொல்லும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது ராத்திரிப் பால் எவ்வளவு என்றுதான். இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் சேர்க்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 3: தண்ணீரைக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்

நான்கு விதிகளில் செலவே இல்லாதது இது. அதிகம் மறந்துபோவதும் இதுதான். கேட்டால் கொடுக்கிறேன் என்பது போதாது. இரண்டு வயதுப் பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் கேட்காது. பேச்சு வராத பிள்ளை கேட்கவே முடியாது.

பிள்ளையின் இடுப்பு உயரத்தில் ஒரு சின்ன மேஜை, அதில் திருகுக் குழாய் வைத்த தண்ணீர்ப் பாத்திரம், பக்கத்தில் ஆளுக்கொரு ஸ்டீல் டம்ளர். டம்ளரில் பெயருக்குப் பதில் ஒரு படம் ஒட்டுங்கள். யானை டம்ளர் யாருடையது என்று பிள்ளைகள் ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். கீழே ஒரு துண்டு விரித்துவிடுங்கள், சிந்தத்தான் செய்யும். கொல்லைப்புறத்தில் விளையாட விடும்போது அங்கேயும் ஒரு ஜாடி போக வேண்டும். ‘எட்டும்படி’ என்ற சொல்லுக்கு வெளியிடமும் சேர்த்தி.

நேரம் வைத்து நீங்களாகவும் நீட்டுங்கள்: வந்ததும், விளையாடி முடிந்ததும், தூங்கி எழுந்ததும். ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை நாளுக்கு ஒன்று முதல் நாலு கப் தண்ணீர் தேவைப்படலாம். நாலு, ஐந்து வயதில் ஒன்றரை முதல் ஐந்து கப். வரம்பு இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், வெயிலும் ஓட்டமும் சாப்பாட்டில் உள்ள நீரும் பிள்ளைக்குப் பிள்ளை மாறுவதுதான். ஆறு மாதம் ஆகாத குழந்தையை மட்டும் இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள்.

எலுமிச்சைத் துண்டு, புதினா, வெள்ளரி போட்ட தண்ணீர் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இனிப்பு இல்லாதவரை தடையும் இல்லை. சீரகத் தண்ணீரும் அப்படியே.

குழாய்த் தண்ணீரைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். நாம் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்து வளர்ந்தவர்கள். காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கிருமிக்கு அது சரி. பழைய குழாய்களிலிருந்து வரும் காரீயத்துக்குக் காய்ச்சுவது உதவாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத்தில் காரீயம் செறிவாகிவிடும். 1986க்கு முன் கட்டிய வீடு என்றால் கவனம் தேவை. குடிக்கவும் சமைக்கவும் ஃபார்முலா கலக்கவும் எப்போதும் குளிர்ந்த நீர்க் குழாயிலிருந்தே பிடியுங்கள். காலையில் முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் செடிக்கு ஊற்றுங்கள். ஃபில்டர் வாங்கினால் காரீயத்தை நீக்குவதற்கான என்எஸ்எஃப் 53 தரச்சான்று இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் காரீயச் சோதனை சென்டர்களுக்குத்தான் கட்டாயம், வீட்டு டேகேருக்கு இல்லை. ஆனால் பிள்ளையைச் சேர்க்கும்போது காரீயத்தின் ஆபத்து பற்றிய தகவல் தாளைப் பெற்றோருக்கு நீங்களும் கொடுத்தாக வேண்டும்.

படி 4: இனிப்பை நிறுத்துங்கள்

இதுதான் நமக்குக் கஷ்டமான படி. வெறும் பாலைக் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் குறைவு. பால் என்றால் சர்க்கரை போட்டது, இல்லாவிட்டால் பூஸ்ட், ஹார்லிக்ஸ், போர்ன்விட்டா.

என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பையனின் பாட்டி, ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தவர், ஒருநாள் காலையில் அவனை விட வந்தபோது பூஸ்ட் டப்பாவோடு வந்து நின்றார். “ஏம்மா, பிள்ளைக்கு வெறும் பாலையா கொடுக்குறே? அவன் எப்படிக் குடிப்பான்?” என்றார். சட்டம் இப்படி என்று சொன்னால் அவருக்கு என்ன புரியும்? உட்காரவைத்து, டப்பாவின் பின்னால் உள்ள பட்டியலைப் படித்துக் காட்டினேன். சர்க்கரை எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்ததும், “அப்போ கருப்பட்டி போடலாமே, அது நல்லதுதானே” என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கருப்பட்டியில் கொஞ்சம் தாதுச்சத்து இருக்கலாம், ஆனால் பல்லுக்கும் சட்டத்துக்கும் அது சர்க்கரைதான். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், பனங்கற்கண்டு, தேன் எல்லாமே ‘இயற்கை இனிப்பு’ என்ற சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. ஸ்டீவியா, சுக்ரலோஸ் மாதிரியானவையும் கூடாது.

டப்பாவில் ‘ஹெல்த் டிரிங்க்’ என்று இருக்கிறதே என்பார்கள். இந்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகையிலிருந்து எடுத்துவிடும்படி ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. இந்திய உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. இதைச் சொன்னால் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

ரோஸ் மில்க், பாதாம் பால் பவுடர், நன்னாரி சர்பத், பானகம், ஸ்ட்ராபெரிப் பால், சாக்லேட் பால் எல்லாம் இதே பட்டியல்தான். சட்டம் இருக்கட்டும், டீயும் காப்பியும் பாலில் ஒரு சொட்டு டிகாக்‌ஷனும்கூட வேண்டாம், சின்னப் பிள்ளைக்குக் கஃபீன் எதற்கு? சப்ஜா விதையும் ஜவ்வரிசி உருண்டையும் போட்ட பானங்கள் தொண்டையில் அடைக்கும் என்பதால் அவற்றையும் விட்டுவிடுங்கள்.

பிறகு எப்படிப் பழக்குவது? டேகேரில் நீங்கள் இனிப்புப் போடக் கூடாது என்பதால், சர்க்கரையைப் படிப்படியாகக் குறைக்கும் வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும். சேருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே பெற்றோரிடம் சொல்லுங்கள்: இரண்டு ஸ்பூன் போடுகிறீர்களா, ஒன்றரை ஆக்குங்கள், நாலு நாள் கழித்து ஒன்று, அப்புறம் அரை. நாக்கு மெதுவாக மாறும். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது பாலை வெதுவெதுப்பாகக் கொடுப்பது. நம் பிள்ளைகள் பலர் மறுப்பது வெள்ளைப் பாலை இல்லை, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பாலை. கடைப் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்தது, பொங்கப் பொங்கக் காய்ச்ச வேண்டாம், வெதுவெதுப்பு போதும். அளவையும் இரண்டாகப் பிரித்து ஊற்றலாம். அந்தப் பையன் முதல் வாரம் தொடவே இல்லை. எதிரே இருந்த பெண்குழந்தை மடமடவென்று குடிப்பதைப் பார்த்துப் பார்த்து, இரண்டாவது வாரம் தானாக டம்ளரை எடுத்தான். பாட்டிக்கு அவன் குடித்து முடித்த டம்ளரைப் படம் எடுத்து அனுப்பினேன்.

மோர் உப்பில்லாமல் அல்லது சிட்டிகை உப்போடு நீர்க்கக் கரைத்துக் கொடுக்கலாம். கேழ்வரகுக் கஞ்சியை வெல்லம் சேர்த்துக் குடிக்கும் பதத்தில் கொடுத்தால் அதுவும் இனிப்புப் பானமாகிவிடும். ஸ்பூனால் சாப்பிடும் கூழாக, மசித்த வாழைப்பழம் சேர்த்துக் கொடுங்கள்.

படி 5: ஜூஸை ஓரம் கட்டுங்கள்

நாளுக்கு ஒரு முறை அனுமதி உண்டு என்பதற்காகக் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. நான் கொடுப்பதில்லை, ஆரஞ்சை உரித்துச் சுளையாகக் கொடுக்கிறேன். கொடுப்பதானால், ஒரு வயதுக்குக் கீழே அறவே இல்லை, மூன்று வயது வரை நாளுக்கு 4 அவுன்ஸுக்குள், நாலிலிருந்து ஆறு வயதுக்கு 4 முதல் 6 அவுன்ஸ். கடையில் வரும் ஸ்ட்ரா குத்திய ஜூஸ் பாக்கெட் ஒன்று பெரும்பாலும் 6.75 அவுன்ஸ், சுமார் 200 மில்லி. ஒரு பாக்கெட்டை அப்படியே கையில் கொடுத்தால் அளவு தாண்டிவிட்டது.

லேபிளில் ‘100% ஜூஸ்’ என்று இருக்க வேண்டும். ‘டிரிங்க்’, ‘காக்டெயில்’, ‘பஞ்ச்’, ‘நெக்டர்’ என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். இந்தியக் கடைகளில் கிடைக்கும் மாம்பழப் பானங்களான மாஸாவும் ஃப்ரூட்டியும் முழுப் பழச்சாறு இல்லை, சர்க்கரை சேர்த்தவை. சத்துப் பட்டியலில் ‘ஆடெட் சுகர்ஸ்’ என்ற வரியில் பூஜ்ஜியம் இருக்கிறதா பாருங்கள், பிறகு பொருள் பட்டியலில் கார்ன் சிரப், கேன் சுகர், செயற்கை இனிப்புகளின் பெயர் இருக்கிறதா என்றும் ஒரு கண் ஓட்டுங்கள். டப்பாவில் வரும் இளநீரை நான் ஜூஸ் கணக்கிலேயே வைக்கிறேன்.

படி 6: பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை

ஒவ்வாமை அல்லது சைவத்திலும் பால் தவிர்க்கும் குடும்பம் என்றால், பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சோயா பால் கொடுக்கலாம். உணவுத் திட்டத்தில் கணக்குக் காட்ட, ஒரு கப்பில் 8 கிராம் புரதமும் 276 மில்லிகிராம் கால்சியமும் உள்பட மாட்டுப்பாலுக்கு நிகரான சத்து அதில் இருக்க வேண்டும். பாதாம் பாலிலும் அரிசிப் பாலிலும் புரதம் மிகக் குறைவு. எந்த வகையானாலும் ‘அன்ஸ்வீட்டன்ட்’ என்று போட்டதையே வாங்குங்கள். வெறும் ‘ஒரிஜினல்’ என்று இருந்தால் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருக்கும்.

படி 7: பாட்டிலிலிருந்து டம்ளருக்கு

ஒரு வயதை ஒட்டிப் பாட்டிலைக் குறைக்கத் தொடங்கி, ஒன்றரை வயதுக்குள் நிறுத்திவிடுவது நல்லது. பால் பாட்டிலோடு தூங்கவிடாதீர்கள், பல் சொத்தையாவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. பாலும் ஜூஸும் மேஜையில் உட்கார்ந்து குடிப்பதற்கு. கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றலாம் என்றால் அது தண்ணீர் மட்டும். சின்ன ஸ்டீல் டம்ளரில் இரண்டு வாய் அளவு ஊற்றிக் கொடுத்தால் ஒரு வயதுப் பிள்ளைகூட அழகாகக் குடிக்கும்.

படி 8: எழுத்தில் போடுங்கள்

பெற்றோர் கொடுத்தனுப்பும் பானத்துக்குச் சட்டம் பொருந்தாது என்று சொன்னேன் அல்லவா? ஒரு பிள்ளையின் பையிலிருந்து சாக்லேட் பால் வந்தால் மீதி ஐந்து பேரின் கண்ணும் அதில்தான் இருக்கும். அதனால் என் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: தாய்ப்பால், ஃபார்முலா, மருத்துவத் தேவைக்கான பானம் தவிர வேறு பானம் அனுப்ப வேண்டாம், இங்கே தண்ணீரும் வெள்ளைப் பாலும் கொடுக்கப்படும். பிறந்தநாளுக்கு ஜூஸ் பாக்கெட் வாங்கி வருகிறோம் என்பவர்களிடம் பழம் வாங்கி வரச் சொல்லுங்கள். சேரும் நாளில் இதை வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் பிறகு யாருக்கும் மனவருத்தம் வராது.

உணவுத் திட்டத்தில் சேர, ஸ்பான்சர் அமைப்பு ஒன்றின் மூலம் பதிய வேண்டும். 2021 ஜூலையிலிருந்து கலிபோர்னியாவில் இதைச் சமூக சேவைகள் துறை கவனிக்கிறது. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு இரண்டு உணவு, ஒரு சிற்றுணவு, அல்லது ஒரு உணவு, இரண்டு சிற்றுணவு வரை பணம் திரும்பக் கிடைக்கும். இந்தத் திட்டத்தில் இரண்டாவது பிறந்தநாளுக்குப் பிறகும் ஒரு மாதம் முழுக் கொழுப்புப் பால் கொடுக்க அவகாசம் உண்டு. மாநிலச் சட்டம் இரண்டு வயது என்று கறாராகச் சொல்வதால் நான் பிறந்தநாளன்றே மாற்றிவிடுகிறேன்.

டாக்டர் கடிதம், சோயா பாலுக்கான பெற்றோர் கடிதம், பானம் பற்றிய ஒப்பந்தப் பக்கம் மூன்றையும் அந்தந்தப் பிள்ளையின் கோப்பிலேயே வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மறுபதிவு செய்யும்போது, டாக்டர் கடிதம் இன்னும் பொருந்துகிறதா என்று கேட்டுப் புதியதை வாங்கி மேலே வைத்துவிடுங்கள்.